கொளஞ்சிக்கு ஒரு மாத்தாள்

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், இதற்கு மேல் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று பெரம்பலூர் டாக்டரம்மா சொன்னபோது, கொளஞ்சி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எடுத்துட்டு அன்னைக்கு சாயந்தரமே வூட்டுக்குப் போயிடலாமாங்க?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னம்மா, பல்லு புடுங்கிக்கிட்டுப் போற மாதிரி கேக்கறீங்க? ஒரு வாரம் இங்க படுக்கணும். அப்புறம் ஒண்ணரை மாசம் தண்ணிக் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது."

"குடத்தைத் தூக்காம இருந்துடுவேங்க. பையனைத் தூக்காம இருக்க முடியாதே."

"பையனுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கொளஞ்சியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "சீக்கிரம் ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஏற்பாடாம் ஏற்பாடு! இருபத்தாறு வருடமாக அவள் தேடிக்கொண்டிருப்பதே அந்த ஒன்றைத்தானே.

ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது கொளஞ்சியின் ஊர். அவளிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் முதலில் கிளம்புவது அவள் குரல்தான். புருசன் ராசாங்கம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது, "ஆம்பள இல்லாத வூடாப் போச்சே" என்று இரக்கப்பட வந்தவர்களை, "ஏன், தாப்பாள் போட எனக்குக் கை இல்லியா?" என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். சீசனில் முந்திரிக்கொட்டை பொறுக்குவாள். மற்ற மாதங்களில் களைவெட்டு, நூறு நாள் வேலை. எங்கே போனாலும் அவளுக்குப் பின்னால் ஒரு நெடிய ஆள், தோளில் ஈரத்துண்டோடு, காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு வருவான். அவன்தான் தர்மன்.

தர்மனுக்குத் தோளில் துண்டு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். குக்கர் விசில் ஆகாது. அதனால் அந்த வீட்டில் இன்றைக்கும் வடிச்ச சோறுதான். பேச்சு வராது என்று சொல்ல முடியாது, வரும். ஆனால் அத்தனையும் கண்டக்டர் பேச்சு. சின்ன வயதில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, கோயில் கோயிலாக அவனை பஸ்ஸிலேயே தூக்கிக்கொண்டு அலைந்தாள் அல்லவா, பையன் அங்கேயே பேசக் கற்றுக்கொண்டுவிட்டான். பசித்தால் "ஏறுங்க ஏறுங்க" என்பான். பயந்துவிட்டால் "சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க" என்று நிறுத்தாமல் சொல்வான். எழுந்து வர இஷ்டம் இல்லையென்றால், கூட்டம் நிறைந்த வண்டியில் கண்டக்டர் சொல்வாரே, அதேபோல் "பின்னாடி வண்டி வருது, அதுல வாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஊரே கொளஞ்சி என்கிறது, அவனும் "கொளஞ்சி" என்பான். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு, வெளியே சொல்ல மாட்டாள்.

அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது திருச்சியில் ஒரு டாக்டர் 'ஆட்டிசம்' என்றார். அந்த வார்த்தை அவள் நாக்குக்குப் படியவே வெகுநாள் ஆயிற்று. அதற்குள் ஊர் காத்து என்றது, கருப்பு என்றது, பெற்றவள் செய்த பாவம் என்றது. அவளும் சும்மா இருக்கவில்லை. மந்திரித்தாள், கயிறு கட்டினாள், மொட்டை போட்டாள். முடிதான் திரும்ப வளர்ந்தது. பிறகு ஒருநாள், "புள்ள இப்படித்தான். இனி இவனுக்குத் தகுந்த மாதிரி நான் இருந்துக்கறேன்" என்று முடிவு செய்தாள். அதோடு அவள் அழுகை பெரும்பாலும் நின்றது.

பள்ளிக்கூட வயதில் ஏதோ ஒரு டீச்சர் வந்தார், ஏதோ ஒரு பயிற்சி நடந்தது. பதினெட்டு தாண்டியதும் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். "இது சின்னப் புள்ளைங்களுக்கான செண்டரும்மா" என்றார்கள் ஓரிடத்தில். "அப்ப இவன் வளந்ததுதான் தப்பா?" என்று கேட்டாள். மகள் பிரவீணாவை வேப்பந்தட்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள்; கைக்குழந்தையோடு இருக்கிற அந்தப் பெண், "எங்கியாவது ஹாஸ்டல்ல விட்டுடும்மா, நீயும் மனுசிதான்" என்று அழுதாள். சரி, பார்த்துவிடலாம் என்று வெளியூரில் ஒரு விடுதிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. எல்லாருக்கும் மொட்டை அடித்து, வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அவள் அங்கே இருந்த நேரம் முழுக்க ஒருவரையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. போன வண்டியிலேயே அவனோடு திரும்பி வந்துவிட்டாள்.

'எனக்கு அப்புறம் இவனுக்கு யாரு?' என்ற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் வாயிடம் பதில் இல்லை.

போன வருடம் அரியலூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம் ஒன்று நடந்தது. அங்கேதான் மற்றவர்களைப் பார்த்தாள். மைக் கிறீச்சிட்டதும், தாடி நரைக்க ஆரம்பித்த ஓர் ஆள் தடாலென்று தரையில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டார். கூட வந்த பெண் அவரைத் தூக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம். இரண்டு பேர் போனில் படம் வேறு எடுத்தார்கள்.

கொளஞ்சிக்கு வந்ததே கோபம்! "ஏம்ப்பா, இங்க என்ன தேரா ஓடுது? கையில இருக்கற போனெல்லாம் உள்ள போவட்டும். போயிடுச்சா? இப்ப எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க!"

திரும்பி நின்றார்கள். மைக் வைத்திருந்தவரும் திரும்பி நின்றார். கொளஞ்சி அந்த ஆளைத் தொடவில்லை, பேசவில்லை. பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தர்மனும் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து உட்கார்ந்தார். அதற்குள் கூட வந்த பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்திருந்தாள்.

அவள் மணிமொழி. ஜெயங்கொண்டத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் குருநாதனின் மனைவி. கீழே விழுந்தவர் குருநாதனின் தம்பி முத்துவேல். மாமியார் போனபிறகு அவரைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. "இவரு எனக்கு வந்த சீரு" என்று அழுகைக்கு நடுவிலும் சொல்லிச் சிரித்தாள். திருமானூரிலிருந்து மகள் கவியாவைக் கூட்டி வந்திருந்த வெற்றிச்செல்வியும் வந்து சேர்ந்துகொண்டாள். கவியா தூணைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்க, மூன்று பெண்களும் தரையிலேயே உட்கார்ந்து பேசினார்கள்.

"கூடப் பொறந்த தம்பி கல்யாணத்துக்கே நான் போவலக்கா" என்றாள் மணிமொழி. "இவர வுட்டுட்டுப் போவ ஆளு யாரு இருக்கா?"

கொளஞ்சி யோசிக்கவே இல்லை. "களைவெட்டுக்கு ஆள் கெடைக்கலன்னா எங்க ஊருல என்ன பண்றோம்? இன்னைக்கு உன் கொல்லைக்கு நான் வரேன், நாளைக்கு என் கொல்லைக்கு நீ வா. மாத்தாள். காசும் இல்ல, கூலியும் இல்ல. இதுங்களுக்கும் அப்படியே பண்ணுவோம்."

"களை வெட்டறதும் இதுங்களப் பாத்துக்கறதும் ஒண்ணாக்கா?" என்றாள் வெற்றிச்செல்வி.

"களை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இதுங்க ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. பழகிக்கலாம் வாடி!"

அப்படித்தான் தொடங்கியது. மணிமொழி குருநாதனோடு ஒரு வளைகாப்புக்குப் போனாள். கொளஞ்சி வந்து முத்துவேலோடு இருந்தாள். வெற்றிச்செல்வி கண் ஆபரேஷன் செய்துகொண்டாள். கொளஞ்சி திருமானூருக்கு பஸ் ஏறிப் போய் கவியாவோடு இருந்தாள். முத்துவேலுக்குத் தட்டில் சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கவியாவின் தலையைச் சீப்பால் தொட்டால் ஊரே கூடும். விரலால் கோதினால் பேசாமல் இருப்பாள். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள் கொளஞ்சி. போகிற இடத்துக்கெல்லாம் தர்மனையும் கூட்டிக்கொண்டே போனாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். தன் நாளை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை.

அவள் ஊர் மாத்தாள் வழக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நாள் கொடுத்தவள் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. வாங்கியவள்தான் "நாளைக்கு வரட்டுமா?" என்று களைக்கொட்டோடு வந்து நிற்க வேண்டும். கேட்டு வாங்கினால் கௌரவக் குறைச்சல். மணிமொழி டவுன்காரி, கொல்லையையே பார்க்காதவள். வெற்றிச்செல்வி ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்து வெகுநாள் ஆகிறது. 'வேணும்னா அக்கா கேக்கும்' என்று அவர்கள் இருந்தார்கள். 'வரவேண்டியவளுங்க வரட்டும்' என்று இவள் இருந்தாள்.

வழக்கம் என்று சொல்லிக்கொண்டாளே தவிர, அடியில் கிடந்தது பயம். "என் கையத் தவுர வேற கையில திங்க மாட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள்கூட அவனை யாரிடமும் விட்டுப் பார்த்ததில்லை. விட்டுப் பார்த்து, அவன் இருக்காமல் போய்விட்டால்? 'எனக்கு அப்புறம் யாரு?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பது உறுதியாகிவிடுமே! அதைவிடத் தெரியாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

அதனால்தான் டாக்டரம்மா சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிரவீணாவிடம் மட்டும், "முந்திரி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாள். வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொட்டை பொறுக்கப் போனாள். குனிந்தால் கண் இருட்டியது. நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போனது. அப்போதும் ஒரு காதுகுத்துக்காக மணிமொழி கூப்பிட்டபோது, "போயிட்டு வா, நான் இருக்கேன்" என்று கிளம்பி வந்துவிட்டாள்.

காதுகுத்து முடிந்து குருநாதனும் மணிமொழியும் திரும்பியபோது, கொளஞ்சி சுவரில் சாய்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை, புடவையில் இருந்தது. ஒரு பக்கம் முத்துவேல், ஒரு பக்கம் தர்மன். அந்த நிலைமையிலும் சோற்றையும் குழம்பையும் தனித்தனியாக வைத்த தட்டு அவள் கையில் இருந்தது. தர்மன், "சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க" என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

குருநாதன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பிரவீணாவுக்கு போன் போட்டதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்த கொளஞ்சியின் முன்னால் மறுநாள் காலையில் மணிமொழி வந்து நின்றாள். திருமானூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வெற்றிச்செல்வியும் வந்திருந்தாள்.

"ஏக்கா, எங்கள எல்லாம் கடங்காரியாவே சாவச் சொல்றியா?" என்றாள் மணிமொழி. "எத்தினி நாளு எங்களுக்காக வந்திருக்க? ஒரு நாளாவது எங்கள வாடின்னு கூப்புட்டியா?"

"குடுத்தவ கேக்கக் கூடாதுடி. அது வழக்கம்."

"வாங்குனவள திருப்பிக் குடுக்க வுடாம வெச்சிருக்கறதும் வழக்கமா? நல்லா இருக்கே உங்க ஊரு நியாயம்!"

"அவன் இருக்க மாட்டாண்டி" என்றாள் கொளஞ்சி, சின்னக் குரலில். "எனக்குப் பயமா இருக்கு."

வெற்றிச்செல்வி கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "இருக்க மாட்டான்தான். மொதல்ல கத்துவான். எம்பொண்ணு உன்கிட்ட கத்தாமயா இருந்தா? நீ என்ன ஓடியா போன?"

அடுத்த வாரம் தர்மனைப் பஞ்சர் கடை வீட்டில் விட்டாள். சொல்லாமல் நழுவ மனம் ஒப்பவில்லை. "கொளஞ்சி பெரம்பலூர் போறா. வருவா" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. "பெரம்பலூர் பெரம்பலூர்" என்று குரல் கொடுத்தான். பஸ் ஏறும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறிய பிறகு அழுதாள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று சாயங்காலமே போன் வந்தது. மணிமொழியின் குரலுக்குப் பின்னால் "சில்லறையா குடுங்க" கேட்டது. மகன் குரல் கிழிந்துபோயிருந்தது. ஷட்டரில் தலை மோதுகிற சத்தமும் கேட்டது. டயருக்குக் காற்றுப் பிடிக்க ஒரு லாரி வந்திருக்கிறது, கம்ப்ரஸர் சத்தத்தில் அவன் மிரண்டுவிட்டான்.

கொளஞ்சி பையைக் கையில் எடுத்துவிட்டாள். துணைக்கு வந்திருந்த பிரவீணா கதவை மறித்தாள். "வழிய வுடு! எம்புள்ள மண்டைய ஒடச்சிக்கறான்!"

"அக்கா, நில்லு" என்றாள் மணிமொழி போனில். "தலைகாணிய முட்டுக் குடுத்திருக்கோம், மண்ட ஒடையாது. நீ வந்தா அடங்கிடுவான். வாஸ்தவம். ஆனா அப்புறம் உனக்கு என்னைக்குமே ஆபரேஷன் கெடையாது. முத்துவேல் குப்புற வுழுந்து கெடந்தப்ப நீ என்ன பண்ண? பக்கத்துல உக்காந்த. இப்ப நாங்க உக்காந்திருக்கோம். போன வை."

கொளஞ்சியைப் பார்த்து 'போன வை' என்று சொன்னவர்கள் இந்த உலகத்தில் அதுவரை யாரும் இல்லை. அவள் போனை வைத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஜெயங்கொண்டத்தில் குருநாதன் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மெஷினை அணைத்து, தர்மனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், ஒரு சைக்கிள் ட்யூபை எடுத்துக் கைப்பம்பால் காற்றடித்து, ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் அழுத்தினார். குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. தர்மன் பாதிச் சொல்லில் நிறுத்தினான். குருநாதன் இன்னொரு தரம் அழுத்தினார். தர்மன் நகர்ந்து வந்து தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளில் காய்ந்து கிடந்த துண்டைத் தானே எடுத்துத் தொட்டியில் நனைத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, "ஏறுங்க ஏறுங்க" என்றான்.

மணிமொழி தயிர்சோறு பிசைந்து கொடுத்தாள். இரண்டு உருண்டை துப்பினான். மூன்றாவதைத் தின்றான்.

"சாப்ட்டான்க்கா" என்று மறுபடி போன் வந்தபோது கொளஞ்சி, "யாரு கையில?" என்று கேட்டாள். "எங்கையிலதான்" என்றாள் மணிமொழி. கொளஞ்சி அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்துவிட்டாள். சந்தோஷமா, பொறாமையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டும்தான். மறுநாள் காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது மட்டும் நர்ஸிடம், "நல்லாத் தூங்க வைம்மா, நான் தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றாள்.

வேப்பந்தட்டையில் மகள் வீட்டில் படுத்திருந்த நாட்களில் கொளஞ்சி போனிலேயே குடித்தனம் நடத்தினாள். துண்டு நனைச்சியா, குக்கர் வெக்கலியே, நகம் வெட்டுனியா என்று கேட்டுக் கேட்டு எல்லாரையும் ஒரு வழி பண்ணினாள். வாரத்துக்கு இரண்டு தரம் வெற்றிச்செல்வி கவியாவோடு வந்து மணிமொழிக்கு ஓய்வு கொடுத்தாள். கம்ப்ரஸர் போடுவதற்கு முன்னால், "தர்மா, சத்தம் வருது" என்று குருநாதன் பேர் சொல்லிக் குரல் கொடுப்பார். அவன் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவான், அணைந்ததும் தொட்டிக்குத் திரும்பி வருவான்.

தையல் காய்ந்து, டாக்டரம்மா சரி என்று சொன்னதும், கொளஞ்சி புதுப் புடவை கட்டிக்கொண்டு மகனைக் கூட்டிப்போக வந்தாள். வழியெல்லாம் ஒரே படபடப்பு. இளைத்திருப்பான், பார்த்ததும் ஓடி வருவான், இல்லை, கோபித்துக்கொண்டு அடித்தாலும் அடிப்பான் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தாள்.

தர்மன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். எதிரில் முத்துவேல், நடுவில் ஒரு ட்யூப்.

"கொளஞ்சி" என்றான், தலையைத் தூக்காமலே.

"ஆமாண்டா, கொளஞ்சிதான். வந்துட்டேன். எந்திரி, நம்ம வூட்டுக்குப் போவலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. தண்ணீரில் கிளம்பிய குமிழியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பின்னாடி வண்டி வருது, அதுல வாங்க."

பெற்று வளர்த்தவளை, செத்துப் பிழைத்து வந்தவளை, இந்தப் பயல் அடுத்த வண்டியில் வரச் சொல்கிறான்! மணிமொழி பதறிப்போய், "டேய் தர்மா, அம்மாடா" என்று அவன் தோளைத் தொடப் போனாள். கொளஞ்சி கையை நீட்டித் தடுத்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் பயம் இல்லை. அவள் இல்லாத இடத்தில் அவன் முகத்தில் பயம் இல்லை. இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் ஒரு பஞ்சர் கடைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. முதலில் கண் நிறைந்தது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இருந்துட்டு வாடா ராசா" என்றாள். "மணிமொழி, காலையில வரேன். அப்புறம் கேட்டுக்க, வெள்ளிக்கெழம எனக்குக் கொல்லையில வேல இருக்கு. நீதான் என் வூட்டுக்கு வந்து இவனப் பாத்துக்கணும்."

"இப்பத்தான்க்கா வாயத் தொறந்து கேட்டிருக்க" என்றாள் மணிமொழி.

டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. வழக்கம்போல நடைவழிப் பக்கமாக உட்கார்ந்தாள். ஜன்னல் சீட் எப்போதும் அவனுக்கு. அந்தக் கண்டக்டருக்கு இவர்களை வருடக்கணக்காகத் தெரியும். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எங்கம்மா நம்ம ஆளக் காணோம்?" என்று கேட்டார்.

"அவன் பின்னாடி வண்டியில வரான் தம்பி" என்றாள் கொளஞ்சி. சொல்லிவிட்டு நகர்ந்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.